மஞ்சுளாவின் அறுபது டிகிரி

என் மனைவி மஞ்சுளாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பாள். கைக்கு எட்டும் தூரத்தில் வெர்னியர் இருந்தால் வெர்னியரை, மைக்ரோமீட்டர் இருந்தால் மைக்ரோமீட்டரை. எதுவுமே அகப்படாவிட்டால் கையை நீட்டி என் மூக்குக்கண்ணாடியை வாங்கித் துடைப்பாள். உங்கள் பட்டறையில் கருவிகளெல்லாம் இவ்வளவு சுத்தமாக இருக்கின்றனவே என்று வருகிறவர்கள் சொல்லும்போது நான் அந்தப் பாராட்டை மறுப்பதில்லை. அந்தச் சுத்தத்துக்காக நான் நிறைய உழைத்திருக்கிறேன்.

பட்டறை உத்திரமேரூரில், வந்தவாசி போகிற ரோட்டில் இருக்கிறது. முன்பக்கம் ஷட்டர் போட்ட பட்டறை, பின்பக்கம் வீடு. ஒரு லேத், இரும்பைச் சீவுகிற ஒரு பழைய மில்லிங் மிஷின், துளை போடுகிற மிஷின், வெல்டிங் செட். பலகையில் ‘நந்தகுமார் இன்ஜினியரிங் ஒர்க்ஸ்’ என்று என் பெயர்தான் எழுதியிருக்கிறது. இன்ஜினியரிங் படித்தவள் மஞ்சுளா. நான் படித்தது ஐடிஐ, அதிலும் வெல்டிங் பிரிவில் இடம் இல்லை என்று லேத் ஓட்டுகிற டர்னர் பிரிவில் உட்கார வைத்தார்கள். வாழ்க்கையில் நான் எடுத்த முக்கியமான முடிவுகள் எல்லாம் இப்படித்தான், இடம் இல்லை என்று வேறு யாரோ சொன்னதால் எடுக்கப்பட்டவை.

இருவருமே தறிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். அவள் அப்பா காஞ்சிபுரத்தில் பட்டு நெய்தார். மஞ்சுளா பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்தபோது வீட்டில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. படிப்பு முடிந்து ஒரகடம் பக்கத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை கிடைத்தது. தரம் பார்ப்பது என்றதும் அவள் அம்மா, சேலையில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை என்று நினைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள். பிறகு யாரும் திருத்தவில்லை. திருத்துவதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, வருகிற இரும்பை அளந்து, சரி அல்லது இல்லை என்று சொல்வதுதான் வேலை. இல்லை என்று சொல்வதில் அவளுக்கு நல்ல பெயர்.

கம்பெனி பஸ் வெளிச்சம் வருமுன்பே எங்கள் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். இருட்டிய பிறகு அதே முனையில் அவளை இறக்கிவிட்டுப் போகும். எங்கள் மகள் திவ்யா பிறந்து, நடந்து, பேசத் தொடங்கிய காலம் முழுவதும் அந்த பஸ் வந்து போய்க்கொண்டிருந்தது. பஸ் சத்தம் கேட்டால் குழந்தை டாட்டா காட்டும். எந்த பஸ்ஸாக இருந்தாலும் காட்டும். வந்தவாசி போகிற அரசு பஸ் டிரைவர்கள் சிலர் பதிலுக்குக் கை காட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் மஞ்சுளா விடுமுறையில் வீட்டில் இருக்கும்போதே, அவள் மடியில் உட்கார்ந்துகொண்டே, குழந்தை ரோட்டைப் பார்த்து அம்மா டாட்டா என்றது. அடுத்த மாதம் அவள் வேலையை விட்டாள்.

வழியனுப்பும்போது அந்தக் கம்பெனியில் சுவர்க் கடிகாரம் கொடுப்பது வழக்கம். மஞ்சுளா கடிகாரம் வேண்டாம், கோணம் அளக்கிற பெவல் புரொட்ராக்டர் கொடுங்கள் என்று கேட்டாளாம். அவள் பகுதியில் எல்லோரும் சேர்ந்து அதை வாங்கிக் கொடுத்தார்கள். என் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் மணி எங்கே தெரிகிறது என்று கேட்டாள்.

பள்ளிக்கூடப் பெட்டியில் இருக்கும் பாகைமானியின் பெரிய அண்ணன் அது. கனமான எஃகு அடிப்பட்டை, அதன் மேல் கோடு போட்ட வட்ட முகம், வட்டத்தின் முதுகில் ஒரு மெல்லிய பள்ளம், பள்ளத்தில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஓடுகிற நீளமான அலகு. அடிப்பட்டையைப் பொருளின் ஒரு பக்கத்திலும் அலகை மறு பக்கத்திலும் இடைவெளி தெரியாமல் ஒட்டவைத்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் வட்டத்தில் தெரியும். டிகிரி மட்டுமல்ல. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்து ஒவ்வொன்றையும் மினிட் என்பார்கள். அதில் ஐந்து மினிட் வித்தியாசம்வரை அது காட்டிக் கொடுக்கும்.

அதுவரை எங்கள் பட்டறையில் கோணம் அளக்க மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, ஐடிஐ நாளிலிருந்து என்னிடம் இருந்த ஜியாமெட்ரி பாக்ஸ். இரண்டு, என் போனில் இருந்த ஒரு ஆப். போனைக் கேட்டின் மேல் சாய்த்து வைத்தால் டிகிரி சொல்லும், நடுவில் மூக்குத்தி விளம்பரமும் காட்டும். மூன்று, கண். கண்தான் அதிகம் வேலை செய்தது. கலப்பைக் கொழுவும் கேட் கீலும் செய்கிறவனுக்கு அது போதும் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மானாம்பதி ராஜாராம் வந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்தார். நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். எங்கள் பட்டறைக்கு வேலை கொடுப்பதைவிடப் பேச்சுக் கொடுக்கத்தான் அதிகம் வருவார். மோட்டார் பைப்புக்கு ஒரு கூம்பு அடைப்பான் வேண்டும், இரண்டு பக்கமும் சேர்ந்து அறுபது டிகிரி என்று பழையதைக் காட்டினார். லேத்தில் கத்தி மையக்கோட்டிலிருந்து ஒரு பக்கம்தான் சாய்கிறது, ஆகவே பாதியைத்தான் வைக்க வேண்டும். ஐடிஐ முதல் வருஷப் பாடம். நான் முழு அறுபதையும் வைத்துக் கடைந்தேன். கூம்பு வரவில்லை, தட்டு வந்தது.

ராஜாராம் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா நைனா, அடைப்பான் கேட்டா குடை செஞ்சி குட்த்துக்கிற? நான் இன்னா மோட்டாருக்கு மய படாம பாத்துக்கணும்னா கேட்டேன்?”

உள்ளிருந்து மஞ்சுளா வந்தாள். வேலையை விட்டு வீட்டில் இருந்த முதல் வாரம் அது. தன் கருவியை எடுத்து வந்து அளந்து, நூற்றிருபது என்று மட்டும் சொல்லிவிட்டு, என் கண்ணாடியை வாங்கித் துடைத்தாள். அன்றிலிருந்து எந்த வேலையும் அவள் அளந்து பார்க்காமல் வெளியே போனதில்லை. அந்தக் கருவியை நான் தொடக்கூடாது என்பதும் அன்றிலிருந்துதான்.

இப்படி ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் மேன்மையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். மஞ்சுளா சமைத்தால் உப்பு சரியாக இருக்காது. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குத் தாமதமாகத்தான் வருவாள். யாராவது ஏறக்குறைய என்று பேசத் தொடங்கினால் பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் அவள் சரி என்று சொன்ன இரும்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது. இதுவே அதிகம் என்று அவள் சொல்லக்கூடும்.

ஊர் வேலையை நம்பி இரண்டு பேர் ஒரு பட்டறையில் உட்கார முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அறுவடைக் காலத்தில் வேலை வரும், மற்ற மாதங்களில் ராஜாராம் வருவார். போன புரட்டாசியில் மஞ்சுளாவின் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. தரம் பார்க்கும் பகுதியில் ஆள் இல்லை, நவம்பர் முதல் தேதி திரும்ப வந்து சேர முடியுமா என்று கேட்டார்கள். அதே கம்பெனியின் இன்னொரு பகுதியில், ஒரு முக்கோணக் கட்டையை வெளியில் கொடுத்துச் செய்யப் பார்க்கிறார்கள், உன் வீட்டுக்காரர் மாதிரிக் கட்டைகள் செய்து காட்டுவாரா என்று அவளுடைய தோழி ஏஞ்சல் விசாரித்தாள். மஞ்சுளா போன பிறகு அவள் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் அந்த ஏஞ்சல்.

மஞ்சுளா இரண்டையும் சேர்த்து ஒரு முடிவாக்கினாள். மாதிரி தேறினால் அந்த வேலை மாதாமாதம் வரும், அவள் இங்கேயே இருந்து அளப்பாள். தேறாவிட்டால் முதல் தேதி பஸ் ஏறுவாள். இதை அவள் என்னிடம் சொன்னபோது திவ்யா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதை நிறுத்தவில்லை, ஆனால் அந்தப் பக்கம் முழுக்க ஒரே வரியைத் திரும்ப எழுதியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

வரைபடம் எளிமையானது. மூன்று மூலைகள்: தொண்ணூறு, அறுபது, முப்பது. முக்கியமானது அறுபது. அதில் பத்து மினிட்வரை கூடலாம், குறையலாம். மாதிரிக்கு மூன்று கட்டைகள் வேண்டும். கம்பெனியே தன் முத்திரை குத்திய எஃகைக் கொடுத்தது, நாலு கட்டைக்குக் கணக்காக. நாலாவது, ஒன்று கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று. என்னைப் பற்றி ஏஞ்சல் சொல்லியிருக்க வேண்டும்.

எஃகு வந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை. பட்டறை வைத்திருக்கிறவனுக்கு அதுதான் தீபாவளி. மிஷின்களைக் கழுவி, லேத்துக்கு வாழைக்கன்று கட்டி, கருவிகளையெல்லாம் மேஜையில் துணி விரித்து வரிசையாக அடுக்கினோம். மஞ்சுளா தன் கருவியையும் கொண்டுவந்தாள். அலகைக் கழற்றித் தனியாக வைத்தாள், உடம்பைத் தனியாக வைத்தாள். சந்தனம் குழைப்பது என் பொறுப்பு. பன்னீர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. சந்தனம் மோர் மாதிரி இருந்தது. ராஜாராம் பொரிக்காக முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். இதை வைக்கப் போகிறாயா, ஊற்றப் போகிறாயா என்று கேட்டார். மற்ற கருவிகளுக்கு நான் பொட்டு வைத்தேன். பெவல் புரொட்ராக்டருக்கு மட்டும் மஞ்சுளாவே வைத்தாள். வட்டத்தின் முதுகில் மோதிர விரலால் ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். பூசணிக்காய் உடைத்தோம். மறுநாள் அவளே கருவியை ஈரத்துணியால் துடைத்து, அலகை மாட்டி, டப்பாவில் வைத்தாள்.

அதற்கு அடுத்த நாள் முதல் கட்டையை வெட்டினேன். மில்லிங் மிஷின் தலையை தொண்ணூறில் முப்பது போனால் அறுபது என்ற கணக்கில், அதன் சொந்த அளவுகோலில் முப்பதுக்குச் சாய்த்து, கட்டையைப் பிடிக்கும் இடுக்கியைத் துடைத்து, மெதுவாக ஓட்டினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை, தாலி கட்டியதையும் சேர்த்து. மஞ்சுளா வாங்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் நின்று அளந்தாள். தொண்ணூறு மூலையை மூலைமட்டம் வைத்துப் பார்த்தாள், சரி. அறுபது மூலையில் தன் கருவியை வைத்தாள்.

“பதினஞ்சு மினிட் ஜாஸ்தி கீது.”

எனக்கு ஆச்சரியமே இல்லை. கட்டை கையை விட்டுப் போனபோதே இப்படி ஏதாவது வரும் என்று நான் எதிர்பார்த்தேன். உடனே காரணங்களைச் சொல்லத் தொடங்கினேன். இடுக்கியில் தூசு இருந்திருக்கும். தலையைச் சாய்க்கும்போது என் கை நடுங்கியிருக்கும். மிஷினின் அளவுகோலை நான் கண்ணாடி போடாமல் பார்த்திருப்பேன், கண்ணாடி அவள் கையில் இருந்ததால். அவள் எந்தக் காரணத்தையும் மறுக்கவில்லை.

தவறு எங்கே என்று தேடும்போது நான் என்னிடமிருந்துதான் தொடங்குவேன். வெகுநாளாக இதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் சோம்பல் என்று தோன்றுகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டவன் மேற்கொண்டு எதையும் தேட வேண்டியதில்லை, அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒரு கருவி ஒரு எண்ணைச் சொல்லும்போது அது பொருளைப் பற்றிச் சொல்கிறதா, தன்னைப் பற்றிச் சொல்கிறதா என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. மனிதர்களிடம் இதைக் கேட்கிறோம். எஃகிடம் கேட்பதில்லை.

அந்தக் கட்டையைத் தள்ளுபடி செய்து, மேஜையில் காற்றில் பறக்கும் காகிதங்கள் மேல் வைத்தோம். மிஷின் தலையைக் கால் டிகிரி நகர்த்தினேன். அடுத்த மூன்று கட்டைகளும் வந்தன. மஞ்சுளா ஒவ்வொன்றையும் அளந்தாள். அறுபது. அறுபது. அறுபது. அவள் அன்றைக்கு எதையும் துடைக்கவில்லை. சாயங்காலம் திவ்யாவுக்குக் கேசரி செய்தாள். எப்போதும் போல சர்க்கரை சரியில்லை, யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கட்டைகளைக் கம்பெனியில் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் மஞ்சுளா திவ்யாவை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ராஜாராம் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தள்ளுபடியான முதல் கட்டை உறுத்திக்கொண்டே இருந்தது. அறுபதில் பதினைந்து மினிட் விட்டவன் முப்பதில் எவ்வளவு விட்டிருப்பேன்? என் குற்றம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. டப்பாவைத் திறந்து, தொடக்கூடாத கருவியைத் தொட்டேன்.

ராஜாராம் டீயைக் கீழே வைத்தார். “நந்தா, வாணாம்பா. வூட்டம்மா வந்தா உன்னயத்தான் தள்ளுபடி பண்ணும்.”

மூன்று மூலைகளையும் அளந்து, ஒரு காகித ஓரத்தில் எழுதினேன். முப்பதும் பதினைந்து மினிட் அதிகம். அறுபதும் பதினைந்து மினிட் அதிகம். தொண்ணூறும் பதினைந்து மினிட் அதிகம். கூட்டிப் பார்த்தேன். நூற்றெண்பது டிகிரி, நாற்பத்தைந்து மினிட். மறுபடி கூட்டினேன். அதேதான். போனில் கூட்டினேன். மூக்குத்தி விளம்பரத்துக்குப் பிறகு அதேதான்.

முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் நூற்றெண்பது என்று எனக்கும் தெரியும். ஆனால் உலகத்திலுள்ள முக்கோணங்கள் எல்லாம் ஒருபுறமும் என் கூட்டல் மறுபுறமும் இருந்தால் எது தவறாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மஞ்சுளா உள்ளே வந்ததும், மாட்டிக்கொண்டவன் முந்திக்கொள்வதுபோல நானே ஆரம்பித்தேன். உன் கருவியைத் தொட்டுவிட்டேன், தொட்டும் புண்ணியமில்லை, எனக்குக் கூட்டல்கூட மறந்துவிட்டது, மூன்று மூலையும் சேர்த்து நூற்றெண்பதைத் தாண்டி வருகிறது என்றேன்.

அவள் துணியைத் தேடுவாள் என்று நான் கண்ணாடியைக் கழற்றியே வைத்திருந்தேன். அவள் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு மூலைமட்டத்தை எடுத்துக் கட்டையின் தொண்ணூறு மூலையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். துளி வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை, மூலை சரியான தொண்ணூறுதான். அதே மூலையில் தன் கருவியை வைத்தாள். தொண்ணூறும் பதினைந்து மினிட்டும். நின்றபடியே கருவியின் திருகைத் தளர்த்தி அலகை உருவினாள். பள்ளத்துக்குள், ஒரு ஓரத்தில், வெளிறிய மஞ்சளாக ஒரு பொருக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். பன்னீர் வாசனை இன்னும் இருந்தது.

“உங்க கூட்டல் சரிதாங்க,” என்றாள்.

என்னைப் பற்றி அவள் இதுவரை சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதை அனுபவிக்க நேரம் கிடைக்கவில்லை. பொட்டிலிருந்து வழிந்த சந்தனம் பள்ளத்தில் இறங்கிக் காய்ந்திருக்கிறது, அதன் மேல் உட்கார்ந்த அலகு கால் டிகிரி சாய்ந்திருக்கிறது, கருவியின் மேற்பக்கத்தைத் துடைத்தவள் பள்ளத்துக்குள் பார்க்கவில்லை. பழைய பல் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, அலகை மாட்டி, எல்லாவற்றையும் மறுபடி அளந்தாள். தள்ளுபடியான கட்டை அறுபது. தேறிய மூன்றும் கால் டிகிரி குறைவு. சரியான ஒன்றைக் காகிதத்துக்குப் பாரமாக வைத்துவிட்டு, தவறான மூன்றுக்குக் கேசரி கிண்டியிருந்தோம்.

மூன்றையும் மறுபடி வெட்டிச் சரிசெய்தால் அளவில் சிறுத்துவிடும். கம்பெனி எஃகு மிச்சம் இல்லை. மஞ்சுளா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கம்பெனியில் எந்தக் கருவியையும் காலையில் சரிபார்க்காமல் கையில் எடுக்கமாட்டேன், என்னுடையது என்பதால் பார்க்காமல் விட்டேன் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். பன்னீரை அளவாக ஊற்றியிருந்தால் வழிந்திருக்காது என்று நான் சொன்னேன். பொட்டு வைத்தது நான் என்றாள். குழைத்தது நான் என்றேன். குற்றத்தில் பங்கு கேட்டு நாங்கள் சண்டை போட்டது அதுதான் முதல் முறை. எனக்கு அது பழக்கமான இடம், அவளுக்குப் புதிது. அதனால் அவளால் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

ராஜாராம் தன் தரப்புக்கு ஒரு வழி சொன்னார். “கால் டிகிரிதான கம்மி? அளக்கப் போறது உன் பிரண்டு பொண்ணுதான? ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிச்சி. இதுக்குப் போய் பேஜாராவாத.”

வெட்கமாக இருக்கிறது, நானும் தலையாட்டினேன். முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. திவ்யா சீருடையைக்கூட மாற்றாமல் கதவோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சுளா என் முகத்திலிருந்து கண்ணாடியை எடுத்தாள். இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்தாள். “ஏஞ்சல் கையில பொய்ய குட்த்துட்டு நான் இங்க நிம்மதியா குந்திக்கினு இருக்கணுமா? அதுக்கு நான் பஸ்ஸே ஏறிக்கிறேன்.”

ராஜாராம் டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அவர் நன்றி சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன்.

திங்கட்கிழமை அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் இருவருக்கும் விசிட்டர் அட்டை கொடுத்தார்கள். தான் இத்தனை காலம் வேலை பார்த்த இடத்தில் அவள் விசிட்டர் என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அளவு அறையில் ஏஞ்சலும் அந்தப் பகுதியின் மேனேஜரும் இருந்தார்கள். கறுப்புக் கல் மேஜையின் மேல் மஞ்சுளா நாலு கட்டைகளையும் வைத்தாள். ஒன்றை வலது பக்கம், மூன்றை இடது பக்கம்.

“சார், இது ஒண்ணு சரி. இது மூணும் ரிஜெக்ட்.”

மாதிரி கொண்டுவருகிறவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே தள்ளுபடி செய்து கொண்டுவருவதை மேனேஜர் அதற்குமுன் பார்த்ததில்லை போலும். நாலையும் ஏஞ்சலிடம் தள்ளினார். அவள் அளந்தாள். வலது பக்கத்துக் கட்டை அறுபது, இடது பக்கத்தவை கால் டிகிரி குறைவு. மஞ்சுளா சொன்னது அப்படியே. மேனேஜர் காரணம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த காரணங்கள் நிறைய இருந்தன.

“சந்தனம், சார்,” என்றாள் மஞ்சுளா.

ஆயுத பூஜையன்று கருவிக்குப் பொட்டு வைத்ததையும் அது பள்ளத்தில் இறங்கியதையும் அவள் சுருக்கமாகச் சொன்னாள். யாரையும், என்னையும்கூட, குற்றம் சொல்லவில்லை. மேனேஜர் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் அவர் பார்வை அறையின் மூலைக்குப் போனது. நானும் பார்த்தேன். அங்கே அலமாரிக் கைப்பிடியில் காய்ந்த மாவிலைத் தோரணம் தொங்கியது. கல் மேஜையின் விளிம்பில் மூன்று குங்குமப் பொட்டுகள். சிரிப்பு நின்றது.

ஏஞ்சல் இழுப்பறையைத் திறந்தாள். ஒவ்வொரு கருவியாக வெளியே எடுத்து, திருகு தளர்த்தி, உள்ளே பார்க்க ஆரம்பித்தாள். மஞ்சுளா யாரும் கேட்காமலேயே பக்கத்தில் போய் நின்று ஒரு துணியை எடுத்துக்கொண்டாள். கோணம் வைத்துப் பார்க்கும் சைன் பார் என்கிற கருவியின் உருளை ஓரத்தில் கடுகளவு சிவப்பு இருந்தது. மஞ்சுளா அதைத் துடைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை என்று பிறகு தெரிந்ததாம். ஆனால் அந்த அறையில் அன்று மத்தியானம்வரை வேறு வேலை நடக்கவில்லை.

புறப்படும்போது மேனேஜர், மூன்றையும் புதிதாகவே செய்து கொண்டுவரட்டும் என்று மூன்று கட்டைக்கு எஃகு கொடுக்கச் சொன்னார். மூன்றுதானா, உபரியாக ஒன்று வேண்டாமா என்று ஏஞ்சல் கேட்டாள். மஞ்சுளா வேண்டாம் என்றாள். நான் வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அந்த வாரமே வெட்டினேன். ஒவ்வொன்றையும் அளக்கும் முன் மஞ்சுளா அலகை உருவிப் பள்ளத்துக்குள் பார்த்தாள். மாதம் முடிவதற்குள் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. தேறிவிட்டன, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார்கள், பொங்கலுக்குப் பிறகு பார்த்துக் கூட்டுவார்கள். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. பஸ் ஏற வேண்டியதில்லை, அவ்வளவுதான். தவறான மூன்று கட்டைகளில் ஒன்றை ராஜாராம் தன் வீட்டுக் கதவுக்கு அண்டை கொடுக்க வாங்கிப் போனார். அவர் கதவு கால் டிகிரி குறைவாகத் திறந்து நிற்பதாக இப்போது எங்களிடம் புகார் சொல்கிறார்.

நவம்பர் முதல் தேதி பொழுது புலருமுன் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மஞ்சுளா பழக்க தோஷத்தில் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே திவ்யாவும் வந்தாள். பஸ் யாருக்காகவோ கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பியது. திவ்யா டாட்டா காட்டினாள். மஞ்சுளா குழந்தையைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், பிறகு அவளும் கையைத் தூக்கிக் காட்டினாள்.

நான் காட்டவில்லை. அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்கள். வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பால் பொங்கி வழிந்துவிட்டது. மஞ்சுளா உள்ளே வந்து, அடுப்பைப் பார்த்துவிட்டு, கையை நீட்டினாள். நான் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன்.